வாங்கித் தின்றவர்கள்: தறிப் பாக்கியும் செஞ்சோற்றுக் கடனும்

1

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் வாங்குகிற முன்பணத்துக்குப் 'பாக்கி' என்று பெயர். பாக்கி என்றால் மிச்சம், தீராமல் நிற்பது. பணம் கைக்கு வருகிற அன்றைக்கே அதற்குத் தீராதது என்று பெயர் வைத்தாகிவிட்டது. இந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அப்பா விசைத்தறி ஓட்டினார். அம்மா தார் சுற்றினார். நான் தமிழ் எம்.ஏ. படித்ததும் பாக்கிப் பணத்தில்தான்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். பட்டறைக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். துணியில் கோடு விழுந்துவிட்டதென்று முதலாளியின் மகன், காலேஜ் படிக்கிற பையன், அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், "ஏப்பா பேசாம நின்னீங்க?" என்றேன். "வாங்கித் தின்னுட்டமில்ல சாமி. நாலு பேச்சு பேசத்தான் செய்வாங்க" என்றார்.

அவர் 'தின்ற' பணம் பாட்டியின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஏன் 'தின்னுட்டம்' என்றார்? இந்தக் கேள்வியை முன்வைத்து, எங்கள் சமவெளியில் வதை எடுத்த வடிவங்களின் வரலாற்றையும் அது மனசுக்குள் செய்த வேலையையும் பேச முயல்கிறேன்.

முதலில் மொழியைக் கவனிப்போம். தமிழில் பாக்கி வாங்குகிறோம், பேச்சு வாங்குகிறோம், அடி வாங்குகிறோம். மூன்றுக்கும் ஒரே வினை. மூன்றிலும் எழுவாய், பட்டவன். அடித்தவனும் பேசியவனும் வாக்கியத்தில் இல்லை. முதலாளி எழுவாயாக வரும்போதோ அவர் 'வேலை வாங்குகிறார்'. ஏதோ இரண்டு பக்கமும் சந்தையில் நின்று சமமாக வாங்கி விற்பதுபோல ஒரு தோற்றத்தை இந்த வினை தந்துவிடுகிறது. அடி வாங்கியவன் அதைக் கேட்டு வாங்கியவன் ஆகிவிடுகிறான். மொழிதான் ஒடுக்குமுறையை உண்டாக்கியது என்று நான் சொல்லவரவில்லை. ஒடுக்குமுறை எங்கே போய்ப் படிந்து கிடக்கிறது என்பதற்கு மொழி சாட்சி.

சட்டம் வதையை வகைபிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது அண்மையில்தான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல்சார்ந்தது, பாலியல் சார்ந்தது, சொல்லாலும் உணர்ச்சியாலும் செய்வது, பொருளாதாரம் சார்ந்தது என நான்கு வகைகளைச் சொல்கிறது. அடி மட்டும்தான் கொடுமை என்ற புரிதலை அது உடைத்தது. பெண்ணியப் போராட்டங்களின் விளைவு அது. ஆனால் இந்த வகைப்பாடு அறிக்கைகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் போகும்போது நான்கு தனித்தனிப் பத்திகளாகிவிடுகிறது. 'உளவியல் பாதிப்பு' என்று ஐந்தாவதாக ஒன்றைக் கடைசியில் சேர்க்கிறார்கள், முதல் நான்கும் நடந்து முடிந்தபிறகு வந்து சேர்கிற விளைவுபோல. தறிப்பட்டறையின் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. மனசுக்கு நேர்வது வதையின் விளைவு மட்டுமல்ல, வதையின் கருவியும் அதுதான். மற்ற வடிவங்களை ஒன்றாகக் கட்டி வைக்கிற கயிறு அது.

2

இந்தக் கயிறு நேற்றுத் திரித்தது அல்ல. பழைய சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களில் பண்ணையாள், படியாள் என்ற முறை இருந்தது. தானியத்தைப் படியால் அளந்து கூலி வாங்குகிறவன் படியாள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடனுக்கு ஆளே ஈடு. கொங்குச் சமவெளியில் இந்த ஆட்களில் பெரும்பகுதி அருந்ததியர்கள். குடும்பத்துப் பிள்ளையைப் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விட்டுவிடுவார்கள். 2000இல் வந்த பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் அப்படி விடப்பட்ட ஒரு பையனைப் பற்றியது. பசி, அடி, தூக்கமின்மை, சாதி சொல்லி அழைப்பது எல்லாம் அந்தப் பையனுக்கு ஒரே நாளில் நடக்கின்றன. எது உடல் வதை, எது மன வதை என்று அங்கே பிரிக்க முடியாது.

வெள்ளைக்காரன் அடிமைமுறையை ஒழித்தான் என்பது பள்ளிக்கூடப் பாடம். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உடைமையைக் கோர்ட்டுகள் அங்கீகரிக்கக் கூடாது என்றது உண்மைதான். ஆனால் 16 வருஷம் கழித்து, 1859இல், வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலை செய்யாமல் போனவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் வேலையை முடி என்று அவர் உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். அடிமை என்ற சொல் போய்விட்டது; முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டுப் போவது குற்றமானது. தோட்டக்காரர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் பெரிதும் உதவிய இந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆனது.

அதே காலத்தில் சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆயிரக்கணக்கானவர்களை இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே 'துண்டு' என்றொரு முறை. இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டுகிற தோட்டம் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்துரை எழுதித் தருகிற சீட்டு அது. ஆள் தோட்டம் மாறும்போது கடனும் கூடவே மாறும், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. 1921இல் இலங்கையில் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

படியாளும் துண்டும் தறிப் பாக்கியும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. நிலம், தோட்டம், பட்டறை என்று உற்பத்தி உறவுகள் வேறுவேறு. சாதிச் சேர்க்கையும் வேறு. ஆனால் மூன்றிலும் ஓர் ஏற்பாடு பொதுவாக இருக்கிறது. கடனின் தொகை முக்கியமில்லை. ஆள் எங்கே போகலாம், எப்போது போகலாம், எப்படிப் பேசலாம் என்பதைத் தீர்மானிக்கிற உரிமைதான் அந்தக் கடனால் கைமாறுகிறது.

3

காவிரிக்கு அந்தக் கரையில் பவானி, ஈரோடு. இந்தக் கரையில் குமாரபாளையம், பள்ளிபாளையம். 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை இவை சேலம் மாவட்டம். கைத்தறி இருந்த ஊர்களில் விசைத்தறி வந்து பெருகியபோது ஆள் தட்டுப்பாடு வந்தது. வந்த ஆளைப் பிடித்துவைக்க முதலாளிகள் பாக்கி கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நாடு முழுக்கக் கொத்தடிமை முறையை ஒழித்த சட்டமும் அந்தக் காலத்துதான். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் நாடாளுமன்றச் சட்டமானது. அதன் 6ஆவது பிரிவின்படி கொத்தடிமைக் கடன் அத்தனையும் செல்லாது. யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை.

பாக்கி வேலைசெய்கிற விதத்தைப் பார்ப்போம். பல பட்டறைகளில், வேலையில் இருக்கும்வரை பாக்கியைக் கேட்கமாட்டார்கள். வாரக் கூலி தனியாக வந்துவிடும். விலகுகிறேன் என்று சொல்கிற அன்றைக்குத்தான் முழுப் பணத்தையும் கேட்பார்கள். கையில் இருக்காது. இன்னொரு முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டி, மேலும் கொஞ்சம் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார். துண்டுச் சீட்டு இல்லை, அவ்வளவுதான்.

இதற்குள்ளே வதையின் வடிவங்கள் ஒவ்வொன்றாகக் குடியேறுகின்றன. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, வாரக்கணக்கில் ராத்திரி வேலை, பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காத தறிச் சத்தம். இது உடலுக்கு. துணியில் பழுது என்று கூலியில் பிடிப்பது, கணக்கு நோட்டு முதலாளியிடம் மட்டும் இருப்பது. இது பொருளாதாரம். வயசில் மூத்தவரைப் பேர் சொல்லி 'வாடா போடா' என்பது, லீவு கேட்டால் பெண்டாட்டியைச் சேர்த்துப் பேசுவது. இது சொல். ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் சிறியதாகத் தெரியும். "எந்த வேலையில்தான் இது இல்லை?" என்பார்கள். தனியே எடுத்துப் பார்ப்பதுதான் தவறு. பாக்கி இல்லாதவன் பேச்சு வாங்கினால் எழுந்து போகலாம். பாக்கி இருப்பவனுக்குப் பேச்சும் கூலியின் ஒரு பகுதி.

சாதியும் இதில் சும்மா இருக்கவில்லை. தறி ஓட்டுகிறவர்களில் பிற்படுத்தப்பட்ட சாதியினர் நிறையப் பேர். அவர்களுக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது. கொத்தடிமையாக வேலை வாங்குவதையும் பொது இடத்தில் இழிவுபடுத்துவதையும் குற்றமாக்கிய அந்தச் சட்டம் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் உரியது. அதற்கான நியாயம் வரலாற்றில் இருக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. முதலாளியிடம் பேச்சு வாங்கிவிட்டு வருகிற எங்கள் ஆள், "என்னைப் பண்ணையாள் மாதிரி பேசறானுங்க" என்று பொருமுவதைக் கேட்டிருக்கிறேன். இழிவு நடந்ததில் அவனுக்கு அவ்வளவு வருத்தமில்லை. அது தவறான ஆளுக்கு நடந்துவிட்டது என்பதுதான் வருத்தம். பண்ணையாளாக இருந்தவனோடு தன்னை ஒன்றாகப் பார்க்கவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, அவனிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுகிறான். அவமானம் ஆட்களை ஒன்றுசேர்க்கும் என்று நம்புகிற தோழர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

4

இப்போது மனசுக்கு வருவோம். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில், அடிபட்ட மனைவியரையும் அரசியல் கைதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். நீண்ட நாள் பிறர் பிடியில் இருப்பவர்களுக்கு நேர்வது, ஒரு விபத்தில் சிக்கியவருக்கு நேர்வது போன்றதல்ல என்றார். சிறைக்கு மதில் இருக்க வேண்டுமென்பதில்லை. எப்போது கோபம் வரும் என்று தெரியாத நிலை, மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்படுவது, அவற்றோடு நடுநடுவே கிடைக்கிற சிறு சலுகை. இந்தச் சலுகைதான் பிடிப்பவனோடு பிடிபட்டவனைக் கட்டுகிறது. பிடிபட்டவன் தன்னையே குற்றவாளியாகப் பார்க்கத் தொடங்குகிறான்.

இதைப் படித்தபோது எனக்குத் தீபாவளிதான் நினைவுக்கு வந்தது. வருஷம் முழுக்கப் பேச்சு. தீபாவளிக்கு ஒரு சேலை, ஒரு பெட்டி பலகாரம். வீட்டுக் கல்யாணத்துக்கு முதலாளி காரில் வந்து இறங்கிப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அதை அப்பா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன இருந்தாலும் மனுசன் வந்தாரில்ல?" இந்த 'என்ன இருந்தாலும்' என்பதற்குள் அந்த வருஷத்துப் பேச்சு முழுவதும் அமுங்கிப்போனது.

அடிமைமுறையைப் பல நாடுகளில் ஒப்பிட்டு ஆராய்ந்த ஆர்லாண்டோ பேட்டர்சன் 1982இல், வன்முறையோடும் பிறப்புவழி உறவுகளிலிருந்து பிரிக்கப்படுவதோடும் மானமிழப்பையும் அடிமைத்தனத்தின் அடிப்படைக் கூறாக வைத்தார். நம்மூரில் மானமிழப்பு நேரடியாக வருவதில்லை, நன்றி என்ற வேஷத்தில் வருகிறது. இங்கேதான் தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கும் பொறுப்பு இருக்கிறது. செஞ்சோற்றுக் கடன் என்ற கருத்தாக்கத்தை வீரத்தின் உச்சமாக நமக்குப் பாடம் நடத்தினார்கள். சோறிட்ட அரசனுக்காகப் போர்க்களத்தில் உயிரைக் கொடுப்பவன் நாயகன். கர்ணன் அதற்கு உதாரணம். தப்பென்று தெரிந்த பக்கத்தில் நின்றும் சாகலாம், சோறு தின்றதை மறக்கக் கூடாது. அரசனுக்கும் போர்வீரனுக்கும் இடையே உருவான இந்த அறம் முதலாளிக்கும் தறிக்காரனுக்கும் இடையே வந்து உட்காரும்போது, கூலி சோறாகிறது, கடன் உபகாரமாகிறது. அப்பா சொன்ன 'தின்னுட்டம்' அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணமும் வயிற்றுக்குள் போனதாகவே உணரப்படுகிறது. வயிற்றுக்குள் போனதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

ஆனால் குறளின் 11ஆம் அதிகாரத்தை, செய்ந்நன்றியறிதலை, நிதானமாகத் திரும்பப் படித்தேன். திரும்ப என்ன கிடைக்கும் என்று எடைபோடாமல் செய்த உதவியைத்தான் அது உயர்த்துகிறது. ஆளைப் பிடித்துவைக்கக் கணக்குப் போட்டுக் கொடுத்த பணம் அந்த அதிகாரத்துக்குள் வராது. பாக்கி பொருள் சார்ந்த விஷயம். அதை அறத்துப்பாலுக்குள் கொண்டுபோய் வைத்தது யாருடைய வேலை?

5

இங்கே ஒரு விவாதத்தைக் குறிப்பிட வேண்டும். குஜராத்தை ஆராய்ந்த ஜான் பிரமன் முன்பணத்தால் ஆளைக் கட்டுகிற இந்தக் காலத்து முறையைப் புதிய கொத்தடிமை என்றார். 1990களில் பவானியிலும் குமாரபாளையத்திலும் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கியர்ட் டி நேவ் 1999இல் எழுதிய கட்டுரையில், பாக்கியை வெறும் தளையாக மட்டும் பார்க்க முடியாது என்றார். தொழிலாளர்களே பாக்கி கேட்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், வேறு பட்டறைக்கு மாறுகிறார்கள், சில சமயம் ஓடியும் போகிறார்கள், முதலாளிகள் புலம்புகிறார்கள். அடிமைத்தனமும் எதிர்ப்பும் இதில் பின்னிக்கிடக்கின்றன.

டி நேவ் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. அப்பாவும் இரண்டு முறை பட்டறை மாறினார். ஒவ்வொரு முறையும் பாக்கி கூடியது, அன்றைக்கு அவர் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. "என்னை இவ்வளவு கொடுத்து எடுத்திருக்காங்க" என்றார். தன் விலை தெரிந்ததில் பெருமை. எதிர்ப்பு இருந்தது, ஆனால் அந்த எதிர்ப்பு கேட்கத் தெரிந்துகொண்டது இன்னும் பெரிய பாக்கியை மட்டும்தான். ஆராய்ச்சியாளர்கள் கட்டா சுதந்திரமா என்று தராசு பிடிக்கும்போது இந்தப் பெருமையை எந்தத் தட்டில் வைப்பார்கள்?

அரசாங்கத்தின் கணக்கிலும் இதே சிக்கல் வந்தது. 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில், வறுமையின் நெருக்குதலால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பதும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு தெரியவந்தால் முன்பணத்தின் பேரில்தான் என்று ஊகித்துக்கொள்ள வேண்டும், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. அப்படியும், தமிழ்நாட்டில் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் 1995இல் பத்து லட்சத்துக்கு மேல் கொத்தடிமைகள் என்று அறிக்கை தந்தபோது, அரசாங்கம் அடுத்து எடுத்த கணக்கில் கிடைத்தவர்கள் சுமார் 25 ஆயிரம் பேர். பத்து லட்சம் எப்படி 25 ஆயிரமாகும்? அதிகாரிகளின் அலட்சியமும் முதலாளிகளின் செல்வாக்கும் காரணம், சந்தேகமில்லை. கூடவே இன்னொன்றும் உண்டு. ஜீப்பில் வந்து இறங்கி, "நீ கொத்தடிமையா?" என்று கேட்டால் எங்கள் ஆள் என்ன சொல்வான்? "அதெல்லாம் இல்லீங்க, பாக்கிதானுங்க." மனசுக்குள் நடந்த வேலை இங்கே சாட்சியத்தையே அழித்துவிடுகிறது. வதைக்கு ஆளானவனே வதைத்தவனுக்குச் சாட்சி சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

6

இதுவரை 'அவன், ஆள்' என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பாக்கியும் ஆணின் பெயரில்தான் எழுதப்படுகிறது. அம்மா சுற்றிய தார் பல வருஷம் அப்பாவின் கூலிக்குள் காணாமல் போனது. ஆனால் ஆள் பட்டறையை விட்டு ஓடிவிட்டால் வாசலுக்கு வருகிற முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவள் பெண்டாட்டி. பட்டறையில் வாங்கிய பேச்சு ராத்திரி வீட்டில் அடியாக இறங்கும்போது அதையும் வாங்குகிறவள் அவள். ஒடுக்கப்பட்டவனின் உடலில் இறுகிக்கிடக்கிற முறுக்கம் தன்னைப்போன்றவர்கள் மேலேயே வெடிக்கிறது என்று அல்ஜீரியாவில் மனநல மருத்துவராக வேலைபார்த்த ஃபனான் 1961இல் எழுதினார். அதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபனானைச் சொல்லி அந்த அடியை நியாயப்படுத்துகிற தோழர்களையும் பார்த்திருக்கிறேன். முதலாளியின் முன்னால் அடக்கத் தெரிந்த கை வீட்டில் அடங்காமல் போவதற்குக் காரணம் முறுக்கம் மட்டுமல்ல, அங்கே அடக்கத் தேவையில்லை என்று அது கற்றிருக்கிறது.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் வட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் நெருக்கடியில் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியானது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. தரகர்களைப் பற்றி நிறையப் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் உடலை ஈடாக வைத்துக் கடனைத் தீர்ப்பது என்பது இந்த மண்ணுக்குப் புதிய யோசனை அல்ல. தரகர் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, தயாராக இருந்த ஒரு மனசிடம்தான் போனார்.

மீட்கப்படும் கொத்தடிமைகளுக்கு 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் வகைக்கு ஏற்ப ஒரு லட்சம், இரண்டு லட்சம், மூன்று லட்சம் ரூபாய் என்கிறது. பணம் வேண்டும். ஆனால் நன்றியுணர்ச்சியில் சிக்கிக்கிடக்கிற ஒரு மனசுக்கு அரசாங்கப் பணமும் இன்னொரு பாக்கியாகத்தான் தெரியும். சங்கம் கட்டுகிறவர்களும் எழுதுகிறவர்களும் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. நன்றி இருக்கிற இடத்தில் கணக்கை வைப்பது.

போன வருஷம் அப்பாவிடம் 6ஆவது பிரிவைப் படித்துக் காட்டினேன். "அந்தப் பாக்கி சட்டப்படி செல்லவே செல்லாதுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சட்டத்துக்குத் தெரியுமா சாமி, நாம தின்னது?" என்றார்.

வாதாடிப் பிரயோசனமில்லை என்று ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எத்தனை வருஷம், வாரத்துக்கு எத்தனை ஷிப்டு, எட்டு மணி நேரத்துக்கு மேல் எவ்வளவு, பழுது என்று பிடித்தது தோராயமாக எவ்வளவு. அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், எல்லாம் நினைவிருந்தது. கூட்டிப் பார்த்தபோது பாக்கியைப்போலப் பல மடங்கு வந்தது. தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அப்படியொன்றும் இல்லை.

"உங்கம்மா சுத்துன தாரை எழுதலியே" என்றார்.